எலும்பு ஏறும் வரைக்கும்

மாங்காய் வியாபாரி மஜீத் பாய் எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்பமாட்டார். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு சின்ன உலோகத் துண்டை மேசைமேல் வைத்தபோது, அவர் செய்த முதல் காரியம் அதை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்ததுதான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்தினார். முகர்ந்து மட்டும் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கு எங்கள் ஊர் முதலமடையின் மானம் தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவரிடம் வண்டி ஓட்டுகிறவன். பெயர் ஆறுச்சாமி. மாங்காய்க்குப் பிக்கப், ஆஸ்பத்திரிக்குப் பழைய வேன். இரண்டும் நான்தான். அவர் மனைவி ஷரீஃபா அக்காவை வண்டியிலிருந்து தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் டாக்டர் அறை வரைக்கும் எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதனால் அந்த ஒரு வருஷத்து முட்டாள்தனம் முழுவதையும் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியமும் கிடைத்தது.

போன சீசனில் மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிக்கப்பின் பின்பலகை கழன்று, அதில் சாய்ந்திருந்த முப்பது பெட்டியோடு அக்காவின் இடது காலில் விழுந்தது. கொக்கி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அக்கா மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் முடியட்டும் என்றார் பாய். கயிறு போட்டுக் கட்டி ஓட்டியவன் நான். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, சீழ் வைத்து, மூன்று தடவை அறுத்து, அழுகிய எலும்பை நாலு விரற்கடை நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். மழைக்காலம் பூராவும் அக்கா காலில் வெளியே கம்பிக்கூடு மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். மார்கழியில்தான் சீழ் நின்றது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த உலோகத் துண்டு.

"டாக்டர், இதுல நெறைய ஓட்டை இருக்குதுங்களே" என்றார் பாய்.

"ஓட்டை இருக்கணும்னுதான் செஞ்சிருக்காங்க அண்ணாச்சி."

"கனமும் இல்லீங்க."

"கனம் எதுக்கு? தராசுலயா போடப் போறோம்?"

டாக்டர் பெயர் ஆன்மேரி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். மலையாளத்தில் நர்சிடம் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் தெக்கத்தித் தமிழ் வரும். மாங்காயில் துளை இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று தூக்கி எறிந்தே பழகிய ஆளுக்கு அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இது டைட்டானியம். உள்ள பூராம் நுணுக்க நுணுக்கமா துளை. அக்கா காலை ஸ்கேன் பண்ணி, அந்த அளவுக்கே செஞ்சு வரும். மேல உள்ள எலும்பும் கீழ உள்ள எலும்பும் இந்தத் துளைக்குள்ள வளந்து ஏறும். ரத்தக் கொழாயும் கூடவே போகும். ஏறிட்டுன்னா அப்புறம் அது ஒரே எலும்புதான். கெட்டியா ஒரு கம்பிய வச்சா எலும்பு எங்க ஏறும்? நீங்களே சொல்லுங்க."

பாய் துண்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"ஆனா ஏறுத வரைக்கும் அது அசையக் கூடாது. அசைஞ்சா துளைக்குள்ள எலும்பு வராது, வெறும் ஜவ்வுதான் வரும். பன்னெண்டு வாரம் அந்தக் கால் தரையில படக் கூடாது. ஊன்டுகோல் வச்சு ஒத்தக் கால்ல கக்கூஸுக்குப் போகலாம், வரலாம். அவ்வளவுதான்."

"பன்னெண்டு வாரமுங்களா?" பாய் விரல் மடக்கினார். தை, மாசி, பங்குனி. சீசன் முழுதும் போய்விட்டது. "கொஞ்சம் வெரசா வளர்றதுக்கு எதாச்சும் போட முடியாதுங்களா டாக்டர்? பொடி, ஊசி, அந்த மாதிரி?"

எனக்கு நிலத்தில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் ஊரே அப்படித்தான். இந்த நாட்டிலேயே முதல் மாங்காய் எங்களுடையது என்று பெருமை. முதலில் வருவதற்காகக் கொட்டை முற்றாத காயைப் பறிப்போம். பெட்டிக்குள் பழுக்க வைக்கிற பொடிப் பொட்டலத்தைப் போட்டு மூடிவிட்டால் டெல்லி போய்ச் சேர்வதற்குள் தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே புளிக்கும். அது தின்கிறவன் பாடு. எதுவும் தானாக ஆவதற்குக் காத்திருந்து எங்களுக்குப் பழக்கமில்லை.

"அண்ணாச்சி, இது மாங்கா இல்ல" என்றார் ஆன்மேரி. "எங்க அப்பா உடும்பஞ்சோலையில ஏலக்காட்டுல கூலி வேல பாத்தவரு. பிஞ்சுக்காயப் பறிச்சா கங்காணி கையிலேயே ஒண்ணு போடுவாரு. காத்திருக்கப் படிச்சுக்கிடணும்."

திரும்பி வரும்போது பாய் வேனில் புழுங்கிக்கொண்டே வந்தார். "தோட்டக்காட்டுப் புள்ளைக்கு வாயப் பாரு. எனக்குக் காத்திருக்கச் சொல்லித் தருது."

ஷரீஃபா அக்கா பின்சீட்டில் கம்பிக்கூட்டுக் காலைப் பிடித்தபடி இருந்தார். "அந்தப் புள்ள படிச்சிருக்குதுங்க. அது சொல்றாப்புல கேட்டுட்டுப் போலாம்" என்றார்.

பொங்கல் கழிந்த வாரம் கம்பிக்கூட்டைக் கழற்றிவிட்டு ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாந்தோப்பை ஒட்டியே வீடு, வீட்டை ஒட்டியே காய் தரம் பிரிக்கிற கொட்டகை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேய்த்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை நாள் முழுதும் தடதடவென்று அடித்துக்கொள்ளும். பிஞ்சு உதிர்ந்து தோப்பெல்லாம் கொட்டிக் கிடந்தது.

காற்று போதாதென்று சொந்தக்காரர்கள் வேறு. பக்கத்துச் சித்தூரிலிருந்தும் புதுநகரத்திலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார்கள். காலுக்குக் கால் என்பது அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம். மிளகைத் தட்டிப் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க, தூக்குப்போசியில் கொண்டுவந்து அக்கா குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் எத்தனை ஆடு முடமானதோ தெரியாது. பாதியை அக்கா எனக்குத் தள்ளிவிடுவார். எனக்குத் தொப்பை விழுந்தது. அவருடைய எலும்புக்கு என்ன ஆனது என்று எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும்.

வந்தவர்களிடம் மஜீத் பாய் பேசிய பேச்சைக் கேட்க வேண்டும். ஓட்டை ஓட்டை என்று புலம்பியவர் இப்போது கம்பெனி ஏஜென்ட் மாதிரி ஆகிவிட்டார்.

"ராக்கெட்டுக்குப் போடற உலோகமுங்க. ஆனை ஏறி நின்னாலும் வளையாது. எல்லாத்துக்கும் வெக்க மாட்டாங்க. நாந்தான் நின்னு, இதுதான் வேணும்னு சொல்லி வெச்சேன்."

"அப்பறம் ஏனுங்க இன்னும் படுக்கையில கெடக்குது?" என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டார்.

"டாக்டர்மாரு அப்புடித்தானுங்க. ஒண்ணுக்கு நாலு சொல்லுவாங்க. நாம ஒரு பேச்சுக்குத் தலையாட்டிட்டு வந்தறோணும்."

ஷரீஃபா அக்கா கட்டிலிலிருந்து, "ஆனை ஏறட்டுங்க. நான் ஏறக் கூடாதாமா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். தன்னைத்தான் குத்துகிறார் என்று அவருக்கு உறைக்கவில்லை.

மாசி பிறந்ததும் காய் இறங்க ஆரம்பித்தது. அந்தத் தொழிலில் ஷரீஃபா அக்கா யார் என்று அப்போதுதான் பாய்க்கே தெரிந்தது. காய்க் குவியலைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் எடுத்து, காம்புப் பக்கத்தில் தோள் எழும்பியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவல். அவ்வளவுதான். முற்றியது வலது பக்கம், நாலு நாள் தாங்குவது இடது பக்கம், பிஞ்சு பின்னால். மணிக்கு எழுபது பெட்டி. கூடவே வேலை செய்கிற மாரீஸ்வரி, அக்கா கையைப் பார்த்துப் பார்த்துப் பத்து வருஷம் படித்தும் பாதிதான் வந்தது என்பாள். பாய்க்கு அந்தப் பாதியும் கிடையாது. அவர் வெறும் போன் பேசுகிற ஆள்.

அக்கா இல்லாமல் அனுப்பிய முதல் லோடை டெல்லிக்காரன் இறக்காமலே நிறுத்தி வைத்துவிட்டுப் போன் செய்தான். பாதிக்குப் பாதி பிஞ்சு, பெட்டியைத் திறந்தால் சுருங்கிக் கிடக்கிறது என்றான்.

"இங்கிருந்து ஏத்தறப்ப நல்லாத்தான் இருந்துது" என்றார் பாய், அவருக்குத் தெரிந்த இந்தியில்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் மண்டியில் எல்லோருக்கும் எல்லா பாஷையிலும் மனப்பாடம். புகார் வந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். காய் எப்படிப் போயிருந்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு லோடுக்கும் அவன் குறை சொல்லுவான் என்பது கணக்கு. அடுத்தபடியாக வெயிலைச் சொல்லலாம், ரோட்டைச் சொல்லலாம், டிரைவரைச் சொல்லலாம். டெல்லி லாரியை ஓட்டுவது வேறு ஆளாக இருந்தாலும், பழி விழுகிற டிரைவர் நான்தான்.

இரண்டாவது லோடும் அப்படியே ஆனதும் பாய் கட்டிலோரத்தில் வந்து உட்கார்ந்தார். சூப்புப் போசியை நகர்த்திவிட்டு, "ஷரீஃபா, சும்மா நாற்காலியில உக்காந்துட்டுப் பாரு. காயி உன்ற மடிக்கு வரும்" என்றார்.

அக்காவுக்கும் உள்ளூர ஆசைதான். அதையும் சொல்லிவிட வேண்டும். தன் பெயர் சொல்லி டெல்லியில் பிஞ்சு இறங்குகிறது என்பது அவருக்கு முள்ளாகக் குத்தியது. நானும் பாயும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தோம். மாரீஸ்வரி கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். ஆறு நாள் அப்படி ஓடியது. மணிக்கு இருபது பெட்டிதான் முடிந்தது. லாரி வந்து காத்து நிற்கும். பாய் லாரிக்கும் நாற்காலிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார்.

ஏழாம் நாள் லாரிக்காரன் திரும்பிப் போய்விடுவேன் என்றான்.

"ஒரு அரை மணி நேரம் எந்திரிச்சு நின்னின்னா முடிஞ்சுரும்" என்றார் பாய்.

"நிக்கக் கூடாதுங்கறாங்கல்லங்க."

"எந்தக் காலத்துலயோ சொன்னது. உள்ள இருக்கறது என்ன, வாழத்தண்டா? ராக்கெட்டுக்குப் போடறது. ஆறு வாரம் ஆச்சல்ல, பாதி எலும்பு ஏறியிருக்கும்."

"பாதி ஏறுனா பாதி நேரம் நிக்கலாமுங்களா?" என்று அக்கா கேட்டார். பாய் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"ஆறுச்சாமி, அந்தப் பக்கம் புடி" என்றார்.

நான் பிடித்தேன். அதுதான் நான் செய்தது. கூடாது என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஜவ்வு வரும் என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டவன். இருந்தும் முதலாளி சொன்னால் கை தானாகப் போகிறது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்தச் சாக்கு போதும். அக்கா எழுந்து, குவியலில் ஒரு கை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தார். அன்றைக்கு லோடு சுத்தமாகப் போனது. டெல்லியிலிருந்து போனே வரவில்லை. அதனால் மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். அரை மணி இரண்டு மணியாகி, காலையும் சாயங்காலமுமாக ஆனது.

பங்குனி நடுவில் எக்ஸ்ரே எடுக்க நாள். போகிற வழியிலேயே பாய் பாலக்காட்டில் ஓர் அச்சகத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, பெட்டியில் ஒட்டுகிற லேபிள் கட்டுகளை வாங்கி முன்சீட்டில் அடுக்கினார். மாம்பழமும் மயிலும் போட்ட புது லேபிள். ஆஸ்பத்திரி வாசலில் அதில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைச் சக்கர நாற்காலியில் இறக்கினேன். கால் கணுக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது.

ஆன்மேரி எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். கீழ்ப்பக்கத்தில் உலோகத்தின் ஓரம் மங்கலாக வெளுத்து எலும்போடு கலந்திருந்தது. எனக்கே தெரிந்தது. மேல்பக்கத்தில் அப்படி இல்லை. எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"அக்கா, கால ஊன்டுனீங்களா?"

"ஒருநாளும் இல்லீங்க டாக்டர்" என்றார் பாய். "நீங்க சொன்னது சொன்னபடி. கட்டிலைவிட்டு எறக்கவே இல்லீங்க."

"நான் அக்காவக் கேட்டேன்."

அக்கா பாயைப் பார்த்தார்.

டாக்டர் நாற்காலியை இழுத்து அக்காவின் எதிரே போட்டு உட்கார்ந்தார். "இத நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்தக் கோடு ரெண்டு காரணத்தால வரலாம். ஒண்ணு, நீங்க நின்னிருக்கணும். அசைவுல எலும்பு ஏறாம நின்னிருக்கு. அப்படின்னா பயமில்ல. தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, மறுபடி பன்னெண்டு வாரம் படுக்க வச்சா ஏறிரும். இன்னொண்ணு, நிக்காமலே இப்படி வந்திருக்கணும். அப்படின்னா உள்ள பழைய சீழ் திரும்பிட்டுன்னு அர்த்தம். ரத்தப் பரிசோதனை ரெண்டுங்கெட்டானா இருக்கு, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. சீழ்னா நான் திறந்து இத எடுத்தாகணும். எடுத்துட்டா அப்புறம் வைக்க அங்க எலும்பு இல்ல. முழங்காலுக்குக் கீழ கால எடுக்கறதுலதான் போய் முடியும். அதனாலதான் கேக்கேன். நின்னீங்களா இல்லியா?"

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கால் இருக்கும். மூன்று பேருக்கும் அது புரிந்தது. மஜீத் பாய் தொண்டையைச் செருமினார்.

"இங்கிருந்து போறப்ப நல்லாத்தானுங்க இருந்துது" என்றார். "வீட்டுல ஒரு குறையுமில்லாமப் பாத்துக்கிட்டோம். ரோடுதானுங்க மோசம், வண்டி குலுங்குச்சு. இந்த டிரைவரும் கொஞ்சம் வேகமா ஓட்டுவானுங்க."

மனைவியின் கால் போகப்போகிறது என்று சொன்ன பிறகும் அந்த வாய் அதே வாயாகத்தான் இருந்தது. குணம் கெட்ட மனுஷன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு ஒத்துக்கொள்ளத் தெரியாது. முப்பது வருஷம் யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ளாமலே பிழைத்த நாக்கு. ஒரு பொம்பளை முன்னால், அதுவும் கூலிக்காரன் மகள் முன்னால், நான் நிற்க வைத்தேன் என்று சொல்ல அது புரளவில்லை. அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு வந்த அருவருப்பை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க கூடவே இருக்கவருதானே."

"நான் வண்டியோட வெளிய இருக்கறவனுங்க" என்றேன். "வீட்டுக்குள்ள நடக்கறது எனக்கு எப்புடிங்க தெரியும்?"

மேலே சொன்ன அருவருப்பில் என் பங்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஷரீஃபா அக்கா அவசரப்படவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்து, ஒரு நிமிஷமாவது காத்திருந்தார். அவரே சொல்லட்டும் என்றுதான் இருந்தார். பாய் எக்ஸ்ரே பலகையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"நின்னேனுங்க டாக்டரம்மா" என்றார் அக்கா. "பதினாறு நாள் நின்னேன். காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். மாங்கா பிரிக்கறதுக்கு. இவங்க ஒரு பக்கம் புடிச்சாங்க, ஆறுச்சாமி ஒரு பக்கம் புடிச்சான்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "நல்ல வேளை சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். எங்களைத் திட்டுகிற அளவுக்குக்கூட அவர் மதிக்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு மாவுக்கட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு எங்களைப் பார்க்காமலே, "ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார்.

திரும்பும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது. ரோட்டில் தார் இளகி டயரில் ஒட்டியது. இடுப்புக்குக் கீழே அக்காவின் இடது கால் வெள்ளைக் கட்டை மாதிரி நீட்டியபடி மடங்காமல் இருந்தது. முன்சீட்டில் லேபிள் கட்டுகள் இருந்ததால் பாய் பின்சீட்டின் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்கா முகம் சுருங்கியது.

கொல்லங்கோடு தாண்டியது. அதற்குமேல் பாய்க்குத் தாங்கவில்லை.

"அந்தப் புள்ள முன்னாடி என்ற மானத்த வாங்கிட்டே."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சாடை காட்டியிருந்தா நானே பக்குவமாச் சொல்லியிருப்பேன். வெடுக்குன்னு போட்டு உடைச்சுட்டே. பதினாறு நாளாம், ரெண்டு மணி நேரமாம். புடிச்சு நிக்க வெச்சோமாம். கேக்கறவ என்ன நெனைப்பா?"

"ஆறுச்சாமி, ஓரமா நிறுத்து" என்றார் அக்கா.

வயல் அறுத்துக் கிடந்த இடம். ஒரு பஸ் நிறுத்தம், கூரை இல்லாமல் கம்பம் மட்டும். நிறுத்தினேன்.

"நீங்க எறங்கிக்கோங்க" என்றார் பாயிடம்.

"எதுக்கு?"

"கால நீட்டோணும். எடமில்ல. பஸ்ஸு வரும், வாங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். "முன்சீட்டுல வந்தறேன். லேபிளுக் கட்ட எடுத்து மடியில வெச்சுக்கறேன்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் அவரிடம் கேட்டதில்லை.

"வேண்டாமுங்க" என்றார் அக்கா. "லேபிளு கசங்கிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. பிஞ்சைப் பின்னால் போடுகிற மாதிரிதான் சொன்னார். பாய் அந்தக் காலை மெதுவாகச் சீட்டின்மேல் வைத்துவிட்டு இறங்கினார். கதவைச் சாத்தினார். வெயிலில் கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

நான் வண்டியை எடுத்தேன். அரை மைல் போனதும், எதையாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "நீங்க செஞ்சதுதானுங்கக்கா சரி" என்றேன்.

அக்கா காலைச் சீட்டு முழுக்க நீட்டி, அதன் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னையும் எறக்கி விட்டுருப்பேன்" என்றார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."